முத்துமீன்களும் கடலுயிர்களின் பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலட்டையின் உடலுக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டும் படத்தைக் காட்டிவிட்டால் போதும், கேள்விகள் வரத் தொடங்கிவிடும். முதலில் மீனின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்பார்கள். சற்று நேரத்தில் பேச்சு பெயருக்குத் திரும்பி, ஒரே மீனை மூன்று நூல்கள் ஏன் மூன்று பெயர்களால் குறிக்கின்றன என்பதில் வந்து நிற்கும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருக்கின்றன.

முத்துமீன் என்றால் என்ன? அதன் வயிற்றில் முத்து இருக்குமா?

இருக்காது. கராபிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த, ஒல்லியாக நீண்டு வால் நோக்கிக் கூர்மையாகும் கடல்மீன்களுக்கே இப்பெயர். இவற்றுக்குச் செதில்கள் கிடையாது. பலவற்றின் உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது. பெரும்பாலான இனங்கள் ஒரு சாண் நீளத்தை ஒட்டியே இருக்கும். இக்குடும்பத்தில் முப்பதுக்கும் சற்று மேற்பட்ட இனங்கள் இன்று ஏற்கப்பட்டுள்ளன.

இவற்றில் சில, முத்துச்சிப்பி உள்ளிட்ட இருவோட்டுச் சிப்பிகளுக்குள் வாழ்கின்றன. அவ்வாறு உள்ளே இறந்துபோன மீனைச் சிப்பி வெளியேற்ற முடியாதபோது, மணல்துகளை மூடுவது போலவே அதையும் முத்துப்படலத்தால் மூடிவிடுகிறது. ஓட்டின் உட்புறத்தில் மீனின் வடிவம் அப்படியே புடைத்துத் தெரியும் மாதிரிகள் அருங்காட்சியகங்களில் உள்ளன. மீனிலிருந்து முத்து வரவில்லை. மீன்தான் முத்துக்குள் போனது.

கடலட்டைக்குள் மீன் வாழ்கிறது என்கிறார்களே, அது எப்படி உள்ளே போகிறது?

கடலட்டை தன் பின்துளை வழியாக நீரை உள்ளிழுத்து, உடலுக்குள் கிளைத்திருக்கும் சுவாசமரம் என்னும் உறுப்பின் துணையால் மூச்சு விடுகிறது. ஆகவே அந்தத் துளை அவ்வப்போது திறந்தே ஆக வேண்டும். வெளிவரும் நீரோட்டத்தைக் கொண்டு துளையைக் கண்டுபிடிக்கும் மீன், பெரும்பாலும் கூர்மையான வாலை முதலில் செலுத்திப் பின்னோக்கி நழுவி உள்ளே சென்றுவிடும். தலையை முன்னிட்டு நுழைவதும் உண்டு. கடலட்டை துளையை மூடிக்கொண்டு எதிர்க்கலாம், ஆனால் மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

இந்த வாழ்க்கைக்கு ஏற்ப மீனின் உடலும் அமைந்திருக்கிறது. உரசிச் சிக்கிக்கொள்ளச் செதில் இல்லை, இடுப்புத் துடுப்பு இல்லை, மலத்துளை தொண்டைக்குக் கீழே வெகு முன்னால் அமைந்திருக்கிறது. ஒரு கடலட்டைக்கு ஒரு மீன் என்ற கணக்கு எப்போதும் பொருந்தாது. ஒரே கடலட்டைக்குள் 15 மீன்கள் இருந்ததாக 1977இல் பதிவாகியுள்ளது.

உள்ளே இருந்துகொண்டு கடலட்டையைத் தின்கிறதா? அப்படியானால் ஒட்டுண்ணிதானே?

இனத்தைப் பொறுத்தது. காராபஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை பொதுவாகக் கடலட்டையைத் தங்குமிடமாக மட்டும் கொண்டு, இரவில் வெளியே சென்று சிறு இறால் வகைகளையும் சிறுமீன்களையும் பிடித்துத் தின்கின்றன. என்கெலியோஃபிஸ் என்னும் பேரினத்தின் சில இனங்களோ கடலட்டையின் இனப்பெருக்க உறுப்புகளையும் உட்திசுக்களையும் உண்பவை. அவற்றை ஒட்டுண்ணி என்பதில் தவறில்லை. எக்கியோடான் என்னும் மற்றொரு பேரினத்தின் இனங்கள் பெரும்பாலும் எந்த உயிரினத்துக்குள்ளும் குடியேறாமல் வெளியில் வாழ்கின்றன.

ஆகவே 'முத்துமீன் ஒட்டுண்ணியா?' என்று குடும்பம் முழுவதற்கும் சேர்த்துக் கேட்டால் விடை சொல்ல இயலாது. பேரினம் எது, இனம் எது என்று பிரித்தறிந்த பிறகே வாழ்க்கைமுறையைப் பேச முடியும். வகைப்பாட்டை வெறும் பட்டியல் வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த எடுத்துக்காட்டைத்தான்.

பார்த்தால் விலாங்கு மாதிரி இருக்கிறதே, விலாங்கு இனம்தானே?

இல்லை. விலாங்குகளின் இளவுயிரி இலை போலத் தட்டையானது. முத்துமீனின் இளவுயிரியோ முதுகில் நீண்ட இழையொன்றைக் கொடி போல ஏந்தி மிதப்பது. எலும்பமைப்பும் வேறு. இன்றைய வகைப்பாட்டில் முத்துமீன்கள் ஒஃபிடியிஃபார்மஸ் என்னும் வரிசையில் அடங்குகின்றன. விலாங்குகள் அங்குவில்லிஃபார்மஸ் என்னும் வேறொரு வரிசை.

உருவத்தைப் பார்த்து ஏமாந்தவர்களில் நாம் முதலாமவர் அல்லர். மத்தியதரைக்கடல் முத்துமீனை 1768இல் முதன்முதலாக விவரித்த பிரூனிச், அதற்கு 'ஜிம்னோட்டஸ் ஆகுஸ்' என்று பெயரிட்டார். ஜிம்னோட்டஸ் என்பது தென்னமெரிக்க நன்னீரில் வாழும் கத்திமீன்களின் பேரினம். மின்சார விலாங்கும் 1766இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் கையால் அதே பேரினத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது. நீண்ட உடல், முன்னால் அமைந்த மலத்துளை, நெடுகச் செல்லும் கீழ்த்துடுப்பு ஆகிய ஒற்றுமைகளால் உறவற்ற மீன்கள் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. 1810இல் ரஃபினெஸ்க் முத்துமீனைப் பிரித்துக் காராபஸ் என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரே 'கராப்போ' என்னும் பிரேசில் கத்திமீனின் பெயரிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. வீட்டை விட்டு வெளியேறிய பிறகும் பழைய வீட்டுப்பெயர் ஒட்டிக்கொண்டது.

குடும்பம், வரிசை என்கிறீர்களே, அவற்றையெல்லாம் யாராவது அளந்து வைத்திருக்கிறார்களா?

அளவுகோல் எதுவும் இல்லை. இனங்கள் சேர்ந்து பேரினம், பேரினங்கள் சேர்ந்து குடும்பம், குடும்பங்கள் சேர்ந்து வரிசை என்று படிகள் அமைகின்றன. ஒரு குழுவில் உள்ளவை அனைத்தும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவையாகவும், அம்மூதாதையின் வழித்தோன்றல் எதுவும் விடுபடாமலும் இருக்க வேண்டும் என்பதே இன்று பலரும் பின்பற்றும் கொள்கை. ஆனால் அப்படிப்பட்ட ஒரு குழுவைக் குடும்பம் என்பதா, துணைக்குடும்பம் என்பதா என்பது ஆய்வாளரின் முடிவு.

விலங்குகளின் பெயர்களை ஆளும் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதிகள், குடும்பத்துக்கு மேலுள்ள படியான மேற்குடும்பம் வரையிலான பெயர்களையே கட்டுப்படுத்துகின்றன. குடும்பத்தின் பெயர் 'இடே' என்றும் துணைக்குடும்பத்தின் பெயர் 'இனே' என்றும் முடிய வேண்டும் என்பது அவ்விதிகளில் உண்டு. வரிசை, வகுப்பு ஆகியவற்றைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. மேல்படிகளில் நூலுக்கு நூல் வேறுபாடு மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1966இல் வெளிவந்து பலகாலம் செல்வாக்குடன் இருந்த ஒரு வகைப்பாடு, முத்துமீன்களையும் அவற்றின் உறவினர்களையும் காட் மீன்களின் வரிசைக்குள் வைத்திருந்தது.

முத்துமீன் என்றாலே புரிகிறதே, வாயில் நுழையாத இலத்தீன் பெயர் எதற்கு?

புரிவது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். முப்பதுக்கு மேற்பட்ட இனங்களை அந்த ஒரு சொல் குறிக்கிறது. போதாக்குறைக்கு, உவர்நீரில் வாழும் முத்துப்புள்ளி மீன், தொட்டிகளில் வளர்க்கப்படும் முத்து கௌராமி என முத்தோடு சேர்ந்த பெயருடைய வேறு மீன்களும் உள்ளன. அவற்றுக்கும் கராபிடே குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பேச்சுவழக்குப் பெயர் ஊருக்கு ஊர் மாறலாம், ஒரே பெயர் பலவற்றைக் குறிக்கலாம். அதில் குற்றமில்லை, அது வாழும் மொழியின் இயல்பு. அறிவியல் பெயரின் வேலை வேறு. உலகில் எந்த மொழிக்காரர் எழுதினாலும் ஒரே உயிரினத்தைச் சுட்டுவதற்காக, பேரினப் பெயரும் இனப் பெயரும் சேர்ந்த இருசொல் பெயர் பயன்படுகிறது. லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பையே விலங்குப் பெயர்களின் தொடக்கமாக விதிகள் கொள்கின்றன.

பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் பெயரும் ஆண்டும் வருகின்றன. சில இடங்களில் மட்டும் அடைப்புக்குறி ஏன்?

இனத்தை முதலில் விவரித்துப் பெயரிட்டவரும் வெளியிட்ட ஆண்டும் அவை. இனம் இன்று வேறொரு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அவற்றை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். பிரூனிச் ஜிம்னோட்டஸ் என்றுதான் எழுதினார் என்று மேலே பார்த்தோம். ஆகவே இன்று 'காராபஸ் ஆகுஸ் (பிரூனிச், 1768)'. முத்துமீன்கள் விரும்பித் தங்கும் கடலட்டை ஒன்றின் பெயர் 'போஹாட்ஷியா ஆர்கஸ் யேகர், 1833'. அது பெயரிடப்பட்ட பேரினத்திலேயே இன்னும் இருப்பதால் அடைப்புக்குறி இல்லை. சிறு குறிதான், ஆனால் ஓர் இனம் இடம் மாறியதா இல்லையா என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது. அச்சுப்பிழை என்று எண்ணி அதை நீக்கிவிடும் பதிப்பாசிரியர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

இனப்பெயரின் கடைசி எழுத்துகூட நூலுக்கு நூல் மாறுகிறதே, எது சரி?

பெரும்பாலும் இரண்டும் தத்தம் இடத்தில் சரியே. இனப்பெயர் இலத்தீன் பெயரடையாக இருந்தால், அது பேரினப் பெயரின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். கருவுதட்டு முத்துச்சிப்பிக்கு லின்னேயஸ் இட்ட பெயர் 'மைட்டிலஸ் மார்கரிட்டிஃபெரஸ்'. மைட்டிலஸ் ஆண்பால். பின்னர் அந்தச் சிப்பி பிங்டாடா என்னும் பெண்பால் பேரினத்துக்கு மாறியதும் இனப்பெயர் 'மார்கரிட்டிஃபெரா' ஆயிற்று. பொருள் மாறவில்லை: முத்தைத் தாங்குவது.

அந்தச் சிப்பியின் பெயரைத் தாங்கிய முத்துமீன் ஒன்றும் உண்டு: ஒனுக்ஸோடான் மார்கரிட்டிஃபெரே. இங்கே ஈறு 'உடைய' என்னும் வேற்றுமைப் பொருளில் வருவதால், எந்தப் பேரினத்துக்குப் போனாலும் மாறாது. ஒருவரின் பெயரால் அமைந்த 'ஹோமி' போன்றவையும் அப்படியே.

போரா போரா தீவில் மட்டும் வாழும் மீனா போராபோரென்சிஸ்? இல்லையென்றால் பெயரைத் திருத்தலாமே?

அந்த முத்துமீன் இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் பரந்து வாழ்கிறது. 1856இல் காவுப் அதற்கு அத்தீவின் பெயரை இட்டார். பெயரைத் திருத்த முடியாது. பொருத்தமற்றது என்பதற்காக ஒரு பெயரை விலக்க விதிகள் இடம் தருவதில்லை.

நம் இலக்கணம் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரிக்கிறது. இனப்பெயர்கள் பிறக்கும்போது பெரும்பாலும் காரணப்பெயர்கள். வெளியான மறுகணமே விதிகளின் கண்ணில் அவை இடுகுறிப்பெயர்கள். 'ஆகுஸ்' என்றால் ஊசி, அது பொருந்துகிறது. 'என்கெலியோஃபிஸ்' என்பது விலாங்கையும் பாம்பையும் இணைத்த சொல். மீன் இரண்டும் இல்லை. 1874இல் பட்னம் விவரித்த ஒரு முத்துமீனுக்கு 'டூபியஸ்' என்று பெயர். ஐயத்துக்குரியது என்று பொருள். இன்று அந்த இனத்தின் இருப்பில் ஐயமில்லை, பெயர் மட்டும் ஐயத்தோடு நிற்கிறது. பெயரிலிருந்து செய்தியைப் படித்தெடுக்க முயலாமல், அதை ஒரு முகவரியாக மட்டும் கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பழைய நூல்களில் ஃபியராஸ்ஃபர் என்று ஒரு மீன் வருகிறது. அது அழிந்துவிட்டதா?

மீன் நலமாக இருக்கிறது, பெயர்தான் வழக்கொழிந்தது. ஃபியராஸ்ஃபர் என்னும் பேரினப் பெயர் 1817இல் ஓக்கன் வெளியிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுவே பரவலாக வழங்கிற்று. நேப்பிள்ஸ் வளைகுடாவின் முத்துமீன்களைப் பற்றி 1880இல் கார்லோ எமரி எழுதிய புகழ்பெற்ற ஆய்வும் அந்தப் பெயரையே கொண்டது. ஆனால் அதே மீனுக்கு 1810இலேயே காராபஸ் என்ற பெயர் இருந்ததால், முந்தியதே நிலைக்கும் என்னும் முதன்மை விதியின்படி ஃபியராஸ்ஃபர் இணைப்பெயராகிவிட்டது, அதாவது அதே உயிருக்கு இடப்பட்ட, ஏற்கப்படாத மறுபெயர்.

இந்த விதி கண்மூடித்தனமானது அன்று. தூசு படிந்த நூலிலிருந்து யாரோ ஒரு மூத்த பெயரைத் தோண்டியெடுத்து, நன்கு வேரூன்றிய பெயரைக் கவிழ்க்க முயலலாம். அந்த மூத்த பெயர் 1899க்குப் பின் ஏற்கப்பட்ட பெயராகப் பயன்படுத்தப்பட்டிராமல், இளைய பெயர் அண்மைய 50 ஆண்டுகளில், 10 ஆண்டுகளுக்குக் குறையாத காலப்பரப்பில், குறைந்தது 10 ஆசிரியர்களின் 25 படைப்புகளில் பயன்பட்டிருந்தால், இளைய பெயரையே காத்துக்கொள்ள விதிகள் வழிசெய்கின்றன.

வெக்சிலிஃபர் என்பது தனி மீனா, முத்துமீனின் குட்டியா?

இளவுயிரிதான். முதுகில் கொடியிழை ஏந்தி மிதக்கும் பருவத்தை மேலே குறிப்பிட்டேன். 1870இல் காஸ்கோ அதைத் தனி மீனாகக் கருதி, 'கொடி ஏந்துவது' என்னும் பொருளில் வெக்சிலிஃபர் என்ற பேரினத்தையே ஏற்படுத்தினார். பின்னர் அது காராபஸின் முதல் பருவம் எனத் தெரிந்தது. பேரினப் பெயர் இணைப்பெயராயிற்று, ஆனால் அந்தச் சொல் பருவத்தின் பெயராக இன்றும் வாழ்கிறது. அடுத்து வருவது டெனுயிஸ் என்னும் பருவம்: கொடியை இழந்து, மிக மெலிந்து நீண்ட நிலையில் மீன் தன் ஓம்புயிரியை, அதாவது தான் தங்கப்போகும் உயிரை, தேடி நுழைகிறது. வியப்பு என்னவென்றால், அதன்பின் அது வளர்வதற்கு முன் நீளத்தில் கணிசமாகச் சுருங்குகிறது. குட்டி தாயைப் போல இல்லாததும், நடுவில் ஒருமுறை குறுகுவதும் சேர்ந்தால் யார்தான் ஏமாறமாட்டார்கள்?

கடலுயிர் வகைப்பாட்டில் இது அடிக்கடி நேர்ந்த விபத்து. மிதக்கும் இளவுயிரியை ஒருவர் வலையில் பிடித்துப் பெயரிடுவார். வளர்ந்த உயிரை இன்னொருவர் கடற்தரையில் எடுத்துப் பெயரிடுவார்.

ஒரு தளத்தில் காராபஸ் ஹோமி, இன்னொரு தளத்தில் என்கெலியோஃபிஸ் ஹோமி. யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள், இல்லையா?

இருவருமே விதிகளை மீறவில்லை. ரிச்சர்ட்சன் 1846இல் இந்த இனத்தை ஒக்ஸிபெலஸ் என்னும் பேரினத்தில் விவரித்தார். பின்வந்தவர்கள் சிலர் காராபஸிலும் சிலர் என்கெலியோஃபிஸிலும் வைத்தார்கள். 'ஹோமி' என்ற இனப்பெயர் எங்கும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த மீன் எது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அதன் நெருங்கிய உறவினர் யார் என்பதில்தான் வேற்றுமை.

இந்தப் பக்கத்தில் நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்பினால் அது இதுதான்: பெயரிடுதல் வேறு, வகைப்படுத்துதல் வேறு. முன்னது சட்டம், பின்னது கருதுகோள். இருசொல் பெயரில் பேரினமும் ஒரு பகுதியாக இருப்பதால், கருதுகோள் மாறும்போதெல்லாம் பெயரும் அசைகிறது. லின்னேயஸ் விட்டுச்சென்ற வசதியும் இதுவே, தலைவலியும் இதுவே. முத்துமீன்களை மார்க்கிள், ஓல்னி இருவரும் 1990இல் விரிவாக மறுஆய்வு செய்தார்கள். அதன் பிறகு மரபணு ஆய்வுகளும் வந்தன. பேரின எல்லைகள் பற்றிய பேச்சு முடியவில்லை. எழுதும்போது எந்த ஆசிரியரைப் பின்பற்றுகிறோம் என்பதைச் சொல்லி, இறுதிவரை ஒன்றையே கையாள்வது போதும்.

புது மீன் ஒன்றைப் படம் எடுத்திருக்கிறேன். நானே பெயர் வைக்கலாமா?

யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பட்டமோ பதவியோ விதிகள் கேட்பதில்லை. கேட்பவை வேறு: முறையான வெளியீடு, பிற இனங்களிலிருந்து வேறுபடுத்தும் விவரிப்பு, ஹோலோடைப் எனப்படும் ஒற்றை வகைமாதிரியையோ மாதிரித் தொகுதியையோ குறிப்பிடுதல், அது பாதுகாக்கப்பட்டிருக்கும் நிறுவனத்தைக் கூறுதல். வகைமாதிரி பற்றிய நிபந்தனை 1999க்குப் பின் வெளியான பெயர்களுக்குக் கட்டாயம். மின்வழி வெளியீடாக இருந்தால் ஸூபேங்க் என்னும் பதிவேட்டில் பதிவதும் 2012 முதல் தேவை.

படத்தை மட்டும் கொண்டு பெயரிடுவதை விதிகள் முற்றாகத் தடுக்கவில்லை. ஏன் மாதிரியைப் பாதுகாக்கவில்லை என்று விளக்கம் கேட்கின்றன. முத்துமீன்கள் விஷயத்தில் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். முதுகெலும்புக் கண்ணிகளை எண்ண எக்ஸ்கதிர்ப் படம் வேண்டும், பற்களின் அமைப்பைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும். கடலுக்கடியில் எடுத்த நிழற்படத்தில் இரண்டும் இல்லை. பின்னாளில் ஒருவர் 'இது உண்மையில் எந்த மீன்?' என்று கேட்டால் சீசாவில் இருக்கும் அந்த ஓர் உடல்தான் சாட்சி. பெயர் கட்டப்பட்டிருப்பது அந்த மாதிரியோடுதான், விவரிப்போடு அன்று.

டிஎன்ஏ வந்துவிட்டதே, இனி இந்தப் பழைய மாதிரிகளெல்லாம் தேவையா?

முன்னைவிட அதிகமாகத் தேவை. 2003 முதல் விலங்குகளை அடையாளம் காண, உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் ஏறத்தாழ 650 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட பகுதி 'பட்டைக்குறி' போலப் பயன்படுகிறது. வெக்சிலிஃபர் பருவத்தை வளர்ந்த மீனோடு இணைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. காஸ்கோவுக்கு இது கிடைத்திருந்தால் வெக்சிலிஃபர் என்றொரு பேரினம் தோன்றியே இருக்காது. ஆனால் பட்டைக்குறி இரு குழுக்கள் வேறுபடுகின்றன என்றுதான் சொல்லும். அவற்றுள் எது 1846இல் பெயர்பெற்றது என்பதைச் சொல்லாது. அதற்கு மாதிரியிடம்தான் போக வேண்டும். பழைய மாதிரிகள் பலவற்றில், அவற்றைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் என்னும் திரவம் டிஎன்ஏவைச் சிதைத்திருப்பதால், எலும்பையும் பல்லையும் பார்க்கும் பழைய கலை கைவிடப்பட முடியாதது.

இன்னொரு எச்சரிக்கை: தரவுத்தளத்தில் தவறான பெயரோடு சேர்ந்த ஒரு டிஎன்ஏ எழுத்துத்தொடர், அதை நம்பும் ஒவ்வொருவருக்கும் அதே தவறைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அத்திமரத்தின் இலத்தீன் பெயரே ஒரு கடல்நத்தைக்கும் இருக்கிறது. இது எப்படி அனுமதிக்கப்பட்டது?

ஃபைக்கஸ் என்பது அத்தி, ஆல், அரசு ஆகியவற்றின் பேரினம். அத்திக்காய் வடிவ ஓடுடைய கடல்நத்தைகளின் பேரினமும் அதுவே. விலங்குகளுக்குள் ஒரே பேரினப் பெயர் இருமுறை வரக்கூடாது. ஆனால் தாவரங்கள், பாசிகள், பூஞ்சைகள் ஆகியவற்றுக்குத் தனி விதித்தொகுப்பும் பாக்டீரியாக்களுக்கு இன்னொன்றும் இருப்பதால், எல்லை தாண்டிய மோதல் கணக்கில் வராது. ஒரு பவளத்திட்டில் கையளவு இடத்தை எடுத்தால், அங்குள்ள உயிர்களின் பெயர்கள் மூன்று சட்டங்களுக்கு உட்பட்டவை.

கடைசியில் எது சரியான பெயர் என்று தீர்ப்பு சொல்வது யார்?

வகைப்பாட்டுக்குத் தீர்ப்பாயம் இல்லை. 1895இல் தோன்றிய பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் பெயர்ச் சிக்கல்களில் மட்டும் தலையிடும். ஹோமி எந்தப் பேரினத்தில் இருக்க வேண்டும் என்று அதனிடம் கேட்க முடியாது. நடைமுறையில் உலகக் கடலுயிர்ப் பதிவேடும், கலிஃபோர்னிய அறிவியல் கழகம் பராமரிக்கும் மீன்கள் பட்டியலும் பெரிதும் நம்பப்படுகின்றன. முன்னதில் இரண்டு இலட்சத்துக்கும் மிகுதியான இனங்கள் ஏற்கப்பட்ட பெயரோடும் இணைப்பெயர்களோடும் உள்ளன. அவை வல்லுநர்களின் இன்றைய கருத்தைத் தொகுப்பவை. ஆகவே பார்த்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, கடலட்டையிலிருந்து ஒரு முத்துமீன் எட்டிப் பார்த்தது. என் குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

உறுதியாகத் தெரிந்த படியோடு நிறுத்துங்கள். குடும்பம் மட்டும் தெரிந்தால் 'கராபிடே'. பேரினம் தெரிந்து இனம் தெரியாவிட்டால் 'காராபஸ் எஸ்பி.' என்பது வழக்கம். ஓர் இனத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் சரிபார்க்க வேண்டும் என்றால் இடையில் 'சிஎஃப்.' என்று சேர்ப்பார்கள். துணிந்து ஓர் இனப்பெயரை எழுதிவிடுவதைவிட இவை பயனுள்ளவை. ஏனெனில் தவறான பெயர் பரவல் வரைபடத்தில் ஏறிவிட்டால் அதை இறக்குவது கடினம்.

மீனைவிட, அது தங்கியிருந்த உயிரை நன்றாகப் படமெடுங்கள். கடலட்டையா, நட்சத்திரமீனா, சிப்பியா, அதன் இனம் என்ன, எவ்வளவு ஆழம், பகலா இரவா, உள்ளே எத்தனை மீன்கள் என்பவை எழுதப்பட்டிருந்தால், மீனின் அடையாளத்தைப் பின்னால் வருபவர் பாதியாவது நெருங்கிவிடுவார். படத்தில் மீனின் தலை மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை.